சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும் ஃப்ளூ வைரஸ்

இன்ஃப்ளூயன்சா வைரஸோடு கோழியின் சிவப்பணுக்களைக் கலந்து வைப்பது எங்கள் ஆய்வகத்தில் அன்றாட வேலை. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை முதல்முறை பார்ப்பவர்கள் பதறிப்போய்க் கேட்பார்கள்: "ஃப்ளூ வந்தால் நம் ரத்தமும் இப்படித்தான் கட்டிக்கொள்ளுமா?"

கட்டாது. ஃப்ளூ வைரஸ் பெருகும் இடம் மூச்சுப் பாதையின் உள்பூச்சு செல்கள். சாதாரண ஃப்ளூவில் அது ரத்தத்துக்குள் வருவதே அரிது. மனிதச் சிவப்பணுவுக்கு உட்கருவும் கிடையாது, அதற்குள் போனாலும் வைரஸால் பெருக முடியாது.

அப்புறம் ஏன் ஒட்டுகிறது? சியாலிக் அமிலம் என்ற சர்க்கரைதான் காரணம். மூச்சுக்குழாய் செல்லின் மேலும் அது இருக்கிறது, சிவப்பணுவின் மேலும் இருக்கிறது. வைரஸின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமக்ளூட்டினின் புரதம் அதைப் பற்றிக்கொள்ளும். 1941-இல் ஜார்ஜ் ஹர்ஸ்ட், வைரஸ் செலுத்திய கோழி முட்டையிலிருந்து திரவம் எடுக்கும்போது, அதில் கலந்த ரத்தம் திரண்டு நிற்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்த சோதனையைத்தான் இன்றும் செய்கிறோம்.

பிளேட்டின் குழியில் வைரஸ் இல்லையென்றால் அரை மணி நேரத்தில் செல்கள் அடியில் சிவப்புப் பொட்டாக இறங்கிவிடும். பிளேட்டைச் சாய்த்தால் அந்தப் பொட்டு கண்ணீர்த் துளி போல வழியும். வைரஸ் இருந்தால் வழியாது. ஒரு வைரஸ் பல செல்களைப் பிடிக்க, வலை பின்னியது போல மெல்லிய படலமாக நிற்கும். ஆனால் ரொம்ப நேரம் விட்டுவிடக் கூடாது. வைரஸின் இன்னொரு புரதமான நியூராமினிடேஸ் சர்க்கரையை வெட்டிவிடும், வலை பிரிந்து போகும். செல்லுக்குள் பிறந்த புது வைரஸ்கள் வெளியேறுவதும் இதே கத்தரியால்தான். ஒசெல்டாமிவிர் மாத்திரை அந்தக் கத்தரியைத்தான் மடக்குகிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால் அதன் பலன் அதிகம்.

இந்தக் குழிகளில் நோயாளியின் சீரத்தையும், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவத்தையும், சேர்த்தால் இன்னொன்று தெரியும். எதிர்ப்புப் புரதங்கள் ஹீமக்ளூட்டினினை மறைத்துக்கொண்டால் மறுபடி பொட்டு விழும். சீரத்தை 40 மடங்கு நீர்த்த பிறகும் பொட்டு விழுந்தால், அதாவது 1:40, ஓரளவு பாதுகாப்பு இருப்பதாகக் கொள்வது வழக்கம். பழைய வைரஸை 1:160 வரை தடுத்த சீரம், உருமாறிய புதியதிடம் 1:20-லேயே தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் "போன வருஷமே ஃப்ளூ தடுப்பூசி போட்டாச்சே" என்று சொல்லும்போது, பொட்டு விழாத அந்தக் குழிகள்தான் என் கண் முன்னால் வந்து நிற்கின்றன.