‘இயக்கப்படும்’ கட்டடக்கலை

‘சமூகத்தால் இயக்கப்படும் கட்டடக்கலை.’ ஆங்கிலத்தில் ‘community-driven architecture’. அண்மையில் படித்த ஒரு மொழிபெயர்ப்பு அறிக்கையில் இது ஏழெட்டு முறை வந்தது. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். குடியிருப்பவர்களே கூடிப் பேசி, தங்கள் பள்ளியையும் பூங்காவையும் திட்டமிட்டுக் கட்டிக்கொள்வதைத்தான் சொல்ல வருகிறார்கள். படித்தால் எங்கோ மோட்டார் ஓடுவதுபோல் இருக்கிறது.

வேர்க்கதை சின்னது. கட்டடக்கலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்குத் ‘தலைமைத் தச்சர்’ என்று பொருள். ‘சமூகம்’ என்று நாம் பெயர்ப்பது, ‘பொதுவான’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. இடையில் நிற்பது ‘drive’, மாட்டையும் வண்டியையும் ஓட்டுகிற வினை. அதை அப்படியே ‘இயக்கு’ ஆக்கிவிட்டார்கள். தமிழில் பம்பை இயக்கலாம், படத்தை இயக்கலாம். கலையை எப்படி இயக்குவது?

சரி, ‘பங்கேற்புக் கட்டடக்கலை’ என்று வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். எனக்கு இதோடுதான் பெரிய சண்டை. பங்கேற்பவர் யார்? வேறொருவர் கூட்டிய கூட்டத்துக்கு வந்து போகிறவர். குடிமக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்கர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் அதை 8 படி ஏணியாக வகுத்தார். தகவல் தெரிவிப்பது 3-ஆம் படி, கருத்துக் கேட்பது 4-ஆம் படி. மக்களே முடிவெடுப்பது உச்சிப்படி. நம் ‘பங்கேற்பு’ எந்தப் படியில் நின்றாலும் செல்லுபடியாகும். முடிந்துபோன வரைபடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கினாலும் பங்கேற்புதான்! மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில் 2001-இல் கட்டி முடித்த பள்ளிக்கு ஊர்க்காரர்களே களிமண் கல் செய்தார்கள். அதை வடிவமைத்த பிரான்சிஸ் கெரேயும் அந்த ஊரில் பிறந்தவர். இவர்களுக்கும் ‘பங்கேற்பாளர்கள்’ என்றுதான் பெயரா?

நம்மிடம் ‘முன்னின்று’ என்ற சொல் சும்மா கிடக்கிறது. கல்யாணத்தை முன்னின்று நடத்தினார் என்றால், பொறுப்பு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. ‘மக்கள் முன்னின்று செய்யும் கட்டடக்கலை’ என்பேன். நீளம்தான், இருக்கட்டும். ‘சமூகம்’ வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: பேச்சில் அது சாதிக்கு இடக்கரடக்கல் ஆகிவிட்டது. ‘சமூகக் கட்டடம்’ என்றால் எந்தச் சமூகம் என்று கேட்பார்கள்.

அதே அறிக்கை இந்த மக்களைப் ‘பின்தங்கியவர்கள்’ என்கிறது. மூலம் சொல்வது பணமும் வசதியும் போதாமையை. மக்களின் குறையை அல்ல. ‘வசதி போதாத பகுதிகள்’ என்று எழுத அகராதிகூட வேண்டாம்.