உடன்வடிவம்: ‘வெர்ஷன்’ என்ற சொல்லும் இரவில் எடுத்த டிராகுலாவும்

1931-இல் யுனிவர்சல் நிறுவனத்திலிருந்து இரண்டு டிராகுலாப் படங்கள் வெளிவந்தன. ஒன்றில் பேசப்பட்டது ஆங்கிலம், மற்றொன்றில் ஸ்பானியம். ஆங்கிலப் படத்தை எல்லோரும் அறிவார்கள்: டாட் பிரவுனிங் இயக்கியது, பேலா லுகோசி நடித்தது. ஸ்பானியப் படத்தைப் பற்றித் தமிழில் யாரிடம் பேசினாலும் வரும் முதல் கேள்வி, “அது டப்பிங்தானே?” இல்லை என்றால் அடுத்த கேள்வி, “அப்படியானால் ரீமேக்கா?” அதுவும் இல்லை. அந்தப் படத்தை ஆங்கிலத்தில் ‘வெர்ஷன்’ என்கிறார்கள், ஸ்பானியத்தில் ‘வெர்சியோன்’. அந்தச் சொல்லுக்குத் தமிழில் சரியான இணை வைக்காததால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1930-இன் இலையுதிர் காலத்தில் கலிபோர்னியாவின் யுனிவர்சல் ஸ்டுடியோவில் பகல் முழுவதும் ஆங்கிலக் குழு படமெடுத்தது. அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு மாலையில் வேறொரு குழு உள்ளே வந்தது. அதே கோட்டை, அதே படிக்கட்டு, அதே ஒட்டடை. நடிகர்கள் மட்டும் வேறு. டிராகுலாவாக ஸ்பெயினைச் சேர்ந்த கார்லோஸ் வில்லாரியாஸ். ஆங்கிலப் படத்தின் கதாநாயகி மினா இதில் ஏவா. அந்த வேடத்தில் மெக்சிகோவின் லூபிதா தோவார். இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு ஸ்பானியம் தெரியாது, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் வேலை வாங்கினார். ஒளிப்பதிவு ஜார்ஜ் ராபின்சன். விடியும் வரை எடுத்துவிட்டு அவர்கள் கிளம்ப, பகல் குழு மறுபடி வந்தது.

இத்தனை சிரமம் எதற்கு? ஊமைப் படக் காலத்தில் மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. நடுவில் வரும் எழுத்து அட்டைகளை மாற்றிவிட்டால் போதும், எந்த நாட்டிலும் ஓடும். நடிகர்கள் வாய் திறந்து பேசத் தொடங்கியதும் அந்த வசதி போய்விட்டது. ஒருவர் உதட்டசைவுக்கு இன்னொருவர் குரலைச் சேர்க்கும் நுட்பம் அப்போது பக்குவப்படவில்லை. ஆகவே ஒவ்வொரு பெரிய சந்தைக்கும் அந்தந்த மொழி பேசும் நடிகர்களை வைத்து ஒரே கதையைத் தனித்தனியாக எடுத்தார்கள். பாரமவுண்ட் நிறுவனம் பாரிஸை அடுத்த ஜுவான்வில்லில் ஒரு ஸ்டுடியோவையே இதற்காக நடத்தியது. நகைச்சுவை இணையான லாரல், ஹார்டி இருவரும் புரியாத மொழிகளின் வசனங்களை ஒலி ஒலியாக மனப்பாடம் செய்து பேசினார்கள். சில ஆண்டுகளில் டப்பிங் தேறியது, இந்த வழக்கம் ஓய்ந்தது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘வெர்ஷன்’ இலத்தீனின் ‘வெர்தெரே’ என்ற வினையிலிருந்து பிறந்தது. திருப்புதல், புரட்டுதல் என்று பொருள். ஆங்கிலத்தில் அது முதலில் மொழிபெயர்ப்பையே குறித்தது. விவிலியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை இன்றும் வெர்ஷன் என்றுதான் சொல்கிறார்கள். பிறகு ஒரு நிகழ்ச்சியை ஒருவர் தம் கோணத்தில் சொல்வதும் வெர்ஷன் ஆயிற்று, ஒரே பொருளின் பல வடிவங்களும் வெர்ஷன் ஆயின. ஸ்பானியத்தில் அந்த இலத்தீன் வினை ‘வெர்தேர்’ என்று உயிரோடு இருக்கிறது. ஒரு பாத்திரத்திலிருந்து ஊற்றுவது என்று அதற்குப் பொருள். ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோவது என்றும் பொருள். இந்த இரண்டு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

தமிழர்கள் ஊற்றவில்லை, பெயர்த்தார்கள். பெயர்தல் என்றால் இடம் விட்டு நகர்தல். குருப்பெயர்ச்சி என்று சொல்லும்போது இன்றும் அந்தப் பொருள்தான். குறுந்தொகையின் பதினோராம் பாட்டில் மாமூலனார் ‘மொழிபெயர் தேஎத்தர்’ என்கிறார். தலைவன் மொழி மாறிவிடும் அந்தத் தொலை நாட்டில் இருந்தாலும் அவனிடம் போய்விடலாம் என்று நினைக்கிறாள் தலைவி. அங்கே மொழி தானாகப் பெயர்கிறது, நிலத்தின் எல்லையில். தொல்காப்பிய மரபியலில் அதே சொல் மனிதர் செய்யும் தொழிலாகிறது. வழிநூல், அதாவது ஒரு முதல்நூலைப் பின்பற்றி எழும் நூல், நால்வகை என்று சொல்லி, ‘தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று எண்ணுகிறது அந்த நூல். அதர் என்றால் வழி. மொழியைப் பெயர்த்துவிட்டால் மட்டும் போதாது, வந்து சேர்ந்த மொழியின் நெறிக்குள் பொருந்தும்படி கட்ட வேண்டும். மொழிபெயர்ப்பு என்ற வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கிவிட முடியாது.

அப்படியானால் ஸ்பானிய டிராகுலாவை மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிடலாமா? அதன் வசனத்தைச் சொல்லலாம். ஆங்கிலத் திரைக்கதையை ஸ்பானியத்துக்குக் கொண்டுவந்தவர் பால்தசார் ஃபெர்னாந்தெஸ் குவே. ஆனால் படத்தைச் சொல்ல முடியாது. பெயர்ப்பதற்கு முதலில் ஒரு முழுப் பொருள் இருக்க வேண்டும். இங்கே ஆங்கிலப் படமே முடிந்திருக்கவில்லை. இரண்டும் ஒரே வாரங்களில் அருகருகே வளர்ந்தன. தொல்காப்பியர் கணக்கில் சொன்னால், ஸ்பானியப் படம் ஆங்கிலப் படத்துக்கு வழிநூல் அன்று. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட நாவலே முதல்நூல். அது நாடகமாகி, திரைக்கதையாகி, அந்தத் திரைக்கதையிலிருந்து இரண்டு பிள்ளைகள் பிறந்தன.

இந்த உறவை நம் வழக்கிலுள்ள சொற்கள் எதுவும் காட்டவில்லை. ‘மொழிமாற்றுப் படம்’ டப்பிங்குக்கு உரியது: படம் ஒன்றே, குரல் மட்டும் மாறும். ‘மறுஆக்கம்’ ரீமேக்குக்கு உரியது: முதலில் ஒன்று வந்து, பின்னால் இன்னொன்று வருவது. ‘மறு’ என்ற முன்னொட்டிலேயே காலம் ஒளிந்திருக்கிறது. ‘இருமொழிப் படம்’ ஓரளவு பொருந்தும், ஆனால் ஒரே படத்துக்குள் இரண்டு மொழி பேசுவதையும் அது குறிக்கும். ‘பதிப்பு’ அச்சகத்தின் சொல். பதித்ததையே மறுபடி பதிப்பதற்கு அது பொருந்தும், புதிதாக நடித்து எடுத்ததற்குப் பொருந்தாது.

எனக்குச் சரியாகப் படுவது ‘உடன்வடிவம்’. ‘உடன்’ என்பதில் ஒரே நேரத்தில் என்ற பொருளும் இருக்கிறது, சேர்ந்து என்ற பொருளும் இருக்கிறது. உடன்பிறப்பில் வருவதும் இதே ‘உடன்’தான். வெர்ஷன் என்பதற்கு வடிவம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், அதனால் காதுக்கும் அன்னியமாகாது. ‘டிராகுலாவின் ஸ்பானிய உடன்வடிவம்’ என்று சொன்னால் அது டப்பிங்கா, ரீமேக்கா என்ற கேள்வியே எழாது.

இந்தச் சொல் நமக்கு ஹாலிவுட்டைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் தேவைப்படுவதில்லை. 1957-இல் வந்த மாயாபஜாரை நினைத்துப் பாருங்கள். தெலுங்கில் அபிமன்யுவாக நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். சாவித்திரியும் ரங்கா ராவும் இரண்டிலும் இருந்தார்கள். தமிழ் மாயாபஜாரை டப்பிங் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அது தெலுங்கு மாயாபஜாரின் உடன்வடிவம்.

ஒன்றுபோல் பிறந்தாலும் உடன்பிறந்தவர்கள் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டு டிராகுலாக்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இது தெரியும். ஆங்கிலப் படம் ஏறத்தாழ 75 நிமிடம், ஸ்பானியப் படம் 104 நிமிடம். இரவுக் குழுவுக்கு ஒரு வசதி இருந்தது: பகலில் எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்து, இதைவிட நன்றாக எடுக்கலாமே என்று யோசிக்க முடிந்தது. டிராகுலா சவப்பெட்டியிலிருந்து எழும் இடத்தில் பிரவுனிங்கின் கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ராபின்சனின் கேமரா நின்று பார்க்கிறது. மூடி திறக்கிறது, புகை சூழ்கிறது, அவன் எழுந்து வருகிறான். கோட்டைப் படிக்கட்டில் அவன் முதன்முதலாகத் தோன்றும்போது அந்தக் கேமரா அவனை நோக்கி மேலேறிப் போகிறது. ஒளியாலும் அசைவாலும் கதை சொல்வதில் ஸ்பானியப் படமே மேல் என்று தயங்காமல் சொல்வேன். வில்லாரியாஸைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். பகல் காட்சிகளைப் பார்க்க நடிகர்களில் அவருக்கு மட்டும் அனுமதி இருந்தது, லுகோசியைப் போலவே செய்யட்டும் என்பதற்காக. அந்தப் பாவனை அவருக்குச் சுமையாகிவிட்டது. கண்களை உருட்டுகிறார், பயம் வரவில்லை. தோவாரிடம் இந்தக் குறை இல்லை. இரத்தம் குடிக்கப்பட்ட பிறகு ஏவாவிடம் எழும் புதுத் துள்ளலும் பசியும் மினாவிடம் இல்லாதவை.

மொழி விஷயத்தில் ஒரு குறை உண்டு. வில்லாரியாஸ் ஸ்பெயின்காரர், தோவார் மெக்சிகோக்காரர், ஏவாவின் காதலன் ஹார்க்கராக வரும் பாரி நார்ட்டன் அர்ஜென்டினாக்காரர். ஒரே வீட்டுக் கூடத்தில் மூன்று நாட்டு உச்சரிப்பு. மதுரைக்காரரையும் யாழ்ப்பாணத்தவரையும் ஒரு குடும்பமாக உட்காரவைத்து அவரவர் பேச்சில் பேசவிட்டால் நமக்கு எப்படிக் கேட்கும்? ஹாலிவுட் முதலாளிகளுக்கு ஸ்பானியம் என்பது ஒரே மொழி. அதைப் பேசிய ரசிகர்களுக்கு அப்படி இல்லை. அந்தக் கால ஹாலிவுட் ஸ்பானியப் படங்களில் எந்த உச்சரிப்பு பேசப்பட வேண்டும் என்பதே பெரிய சண்டையாக நடந்தது. மொழியைப் பெயர்த்தார்கள், அதர்ப்பட யாக்கவில்லை.

டப்பிங் படத்துக்கும் உடன்வடிவத்துக்கும் உள்ள வேறுபாடு பின்னாளில் கண்முன்னே தெரிந்தது. டப்பிங் படத்தின் பிரதி அழிந்தாலும் காட்சிகள் மூலப் படத்தில் பத்திரமாக இருக்கும். ஸ்பானிய டிராகுலா பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, திரும்ப எடுத்துப் பார்த்தபோது அமெரிக்காவில் இருந்த பிரதியின் மூன்றாம் சுருள் சிதைந்துபோயிருந்தது. ஆங்கிலப் படம் முழுதாக இருந்தும் அந்தச் சுருளுக்கு உதவ முடியவில்லை. அதில் இருந்த முகங்கள் வேறு, அசைவுகள் வேறு. கடைசியில் அந்தப் பகுதி கியூபாவின் திரைப்படக் காப்பகத்தில், ஹவானாவில், ஒரு முழுப் பிரதிக்குள் கிடைத்தது.