உடைந்த பித்தளையை எடைக்குப் போடாதீர்கள்: பழைய சாப்பாட்டு மேசைகளின் உதிரிப் பாகங்கள் குறித்து

காரைக்குடிப் பக்கத்து வீடொன்றிலிருந்து 12 பேர் அமரக்கூடிய மேசை ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த மகோகனி மேசை. கைப்பிடியைச் சுற்றினால் அடியிலுள்ள நீண்ட திருகுத் தண்டு மேசையை இரண்டாகப் பிரித்து நகர்த்தும், நடுவில் பலகைகளைச் செருகிக்கொள்ளலாம். நான்கு கால்களின் நுனியிலும் காலைக் கவ்வும் பித்தளைக் கிண்ணமும் அதனடியில் சக்கரமும் உண்டு. ஒரு காலுடையதைக் காணவில்லை. "உடஞ்சது எதுக்கு ஆகும்னு பழைய பித்தளைக்காரர்கிட்ட எடைக்குப் போட்டாச்சு தம்பி" என்றார் வீட்டு ஆச்சி. இதே பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கடையில் தேடுவதானாலும் புதிதாக வார்ப்பதானாலும் நம்மிடமுள்ள மிகச் சரியான அளவுக்குறிப்பு அந்த உடைந்த துண்டுதான் என்பதைப் பலரும் அறிவதில்லை.

தேடத் தொடங்குமுன் மேசையைக் கவிழ்த்து, அதிலுள்ள திருகாணிகளைக் கழற்றிப் பாருங்கள். முனை மழுங்கி, தலையிலுள்ள வெட்டு நடுவிலிருந்து சற்று விலகியிருந்தால் அது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. கூர்முனைத் திருகாணிகளைச் செய்யும் அமெரிக்க இயந்திரங்கள் 1854-இல்தான் பர்மிங்காமுக்கு வந்தன. தலையில் கூட்டல் குறி தெரிந்தால், அது 1930-களுக்குப் பின் வந்த வகை என்பதால், நமக்கு முன்பே யாரோ அங்கே கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிக் கைவைத்தவர் மாட்டிய பாகத்தை அசல் என்று நம்பி அதே அளவில் தேடி அலைவதும் நடக்கிறது.

அளவு என்று வரும்போது பெரும்பாலோர் தவறுவது மரையில், அதாவது போல்ட்டைச் சுற்றி ஓடும் திருகு வரியில். பழைய ஆங்கில மேசைகளின் போல்ட்டுகளில் 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த அங்குல மரையை அடிக்கடி காணலாம். அதில் 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், நம் கடைகளில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது. ஆனால் பழையதில் ஒரு அங்குலத்துக்கு 18 மரை, அதாவது ஒரு சுற்றுக்கு 1.41 மில்லிமீட்டர், புதியதில் 1.25. மரையின் கோணமும் முன்னதில் 55 பாகை, பின்னதில் 60 பாகை. ஆகவே புதிய போல்ட் இரண்டு சுற்று இதமாக ஏறி, மூன்றாவது சுற்றில் இறுகும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டால் பிழைத்தோம். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் பித்தளைத் தகட்டின் மரை சீவிக்கொண்டு போய்விடும். நூறு ரூபாய்க்கும் குறைவான போல்ட்டுக்காக, திரும்பக் கிடைக்காத தகட்டை இழந்தவர்கள் உண்டு. மரை அளவியை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கைப்பிடிகளும் சக்கரங்களும் குவியலாகக் கிடக்கும். போகும்போது புகைப்படத்தை மட்டும் நம்பாமல், மிச்சமிருக்கும் பாகத்தையே கொண்டுபோவது நல்லது. கிண்ணத்தின் வாயும் அடியும் ஒரே விட்டமாக இருப்பதில்லை, கால் கீழே சரிந்து ஒடுங்குவதால் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒரு காந்தத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

ஆச்சியின் மேசைக்கு அங்கே ஜோடி அகப்படாததால், மற்றொரு காலின் சக்கரத்தைக் கிண்ணத்தோடு கழற்றி அதையே மாதிரியாக வைத்து மண்ணச்சில் வார்க்கச் சொன்னேன். முதல் வார்ப்பில் பிழை என்னுடையது. உருகிய பித்தளை இறுகி ஆறும்போது ஏறத்தாழ 1.5 விழுக்காடு சுருங்கும் என்பதைக் கணக்கில் எடுக்காமல் விட்டதால், 50 மில்லிமீட்டர் கிண்ணம் முக்கால் மில்லிமீட்டர் குறைந்து வந்து காலில் ஏற மறுத்தது. காலைக் கொஞ்சம் சீவிவிடலாமே என்றார் உதவிக்கு நின்ற தச்சர். புதுப் பித்தளைக்காகப் பழைய மரத்தைச் சீவுவது எங்கள் பட்டறையில் கிடையாது. மாதிரியின் மேல் மெல்லிய மெழுகுப் படலம் ஏற்றி மறுபடி வார்த்து, உட்புறத்தை அரத்தால் ராவிச் சரிசெய்தோம். சித்திர வேலைப்பாடு மிகுந்த பிடியாக இருந்திருந்தால் சுவாமிமலைச் சிற்பிகள் செய்வதுபோல மெழுகு வார்ப்புக்குத்தான் போயிருப்பேன்.

புதுப் பித்தளை பளபளப்பதைக் கண்டு, மற்ற மூன்றையும் அதற்கு ஈடாகப் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். சந்துகளில் தங்கும் புளிப்பு பின்னர் களிம்பாகப் பூக்கும். நூறாண்டு நிறமும் போய்விடும். புதியதைத்தான் பழையதன் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பித்தளைத் திருகாணியை நேராக முடுக்கினால் தலை முறிந்து உள்ளேயே சிக்கும். ஆகவே அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றிக் கழற்றி வழி உண்டாக்கி, பித்தளையில் சிறிது மெழுகு தடவி ஏற்றினோம். கழற்றிய பழைய திருகாணிகள், சரிவராத அந்த முதல் கிண்ணம் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு மேசையின் அடிச்சட்டத்திலேயே கட்டியிருக்கிறோம்.