வாடகைக் கட்டடம் மொத்தமாக வாங்கும் முன்: செண்ட் விலைக்கு அப்பால் ஒரு கணக்கு

வளைகுடாவில் சம்பாதித்துத் திரும்புகிறவர்கள் முன்பெல்லாம் சொந்தமாக ஒரு வீடு கட்டுவார்கள், மிச்சத்துக்கு ரப்பர் தோட்டமோ ரோட்டோரம் நாலு கடையோ வாங்கிப் போடுவார்கள். இப்போது பேச்சு மாறியிருக்கிறது. "சார், பன்னிரண்டு வீடு உள்ள கட்டடம் ஒண்ணு மொத்தமா வருது, வாங்கலாமா?" என்கிறார்கள். வங்கிகளுக்குச் சொத்து மதிப்பிட்டுக் கொடுப்பது என் தொழில் என்பதால் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இப்படிப்பட்ட கட்டடங்களை அடிக்கடி பார்க்கிறேன். வாங்க வருகிறவர் முதலில் விசாரிப்பது செண்ட் என்ன விலை என்றுதான். செலவெல்லாம் போக வருஷத்துக்கு என்ன நிற்கும் என்று கேட்பவர் அபூர்வம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு 8,000 வாடகை, கேட்கும் விலை 2.4 கோடி. "மாசம் தொண்ணூத்தாறாயிரம் கைக்கு வரும் அண்ணே" என்பார் புரோக்கர். வருஷத்துக்கு 11,52,000. ஒவ்வொரு வீடும் வருஷத்தில் ஒரு மாதமாவது காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் 96,000 போயிற்று. கூட்டிப் பெருக்கி மோட்டார் போடுகிறவருக்கு மாதம் 8,000 வீதம் இன்னொரு 96,000. பொது மின்சாரம், செப்டிக் டேங்க் எடுப்பது எல்லாம் சேர்த்து 60,000. வீட்டு வரி, காப்பீடு 50,000. பெயின்ட், பைப், கசிவு என்று ஒரு லட்சம் ஒதுக்கத்தான் வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிற மாவட்டம் இது, மொட்டை மாடி சும்மா இருக்காது. மிச்சம் 7,50,000. போட்ட பணத்துக்கு 3 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதத்தையும் விலையோடு கூட்டினால் 3-க்கும் கீழே இறங்கிவிடும்.

இதில் ஒரு கோடி கடன் வாங்கி, வட்டி 9.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷ வட்டி மட்டுமே ஒன்பது லட்சத்தைத் தாண்டும். செலவு போக நிற்கிற ஏழரை லட்சம் முழுவதையும் கட்டியும் துண்டு விழும், அசலை இன்னும் தொடவே இல்லை. இடத்தின் விலை ஏறும் என்று நம்பி வாங்குவது தப்பில்லை. ஆனால் அதற்குக் கைக்காசு வேண்டும். கடன்காரன் மாதாமாதம் கேட்பான், இடத்தின் விலை மாதாமாதம் வந்து உதவாது.

யூடியூபில் அமெரிக்க 'மல்டிஃபேமிலி' (பல குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடம்) முதலீட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அங்கே ஐந்து வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்துக்கு வணிகக் கடன்தான். கட்டடத்தின் நிகர வருமானம் தவணையைத் தாங்குமா என்பதைத்தான் வங்கி முதலில் அலசும். இங்கே உங்கள் சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும்தான் முன்னால் நிற்கும். கடன் கிடைத்துவிட்டது என்பதால் கட்டடம் லாபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கட்டடத்தைப் பார்க்கப் போனால் நான் முதலில் நிற்பது மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் போர்டு முன்னால். பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு மீட்டரும் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் ஒரு பொது மீட்டரும் இருக்க வேண்டும். ஏழு மீட்டர்தான் இருந்தால், சில வீடுகள் பக்கத்து வீட்டு மீட்டரிலிருந்து கிளை இழுத்து ஓடுகின்றன என்று அர்த்தம். அப்புறம் அங்கீகரித்த பிளானையும் வீட்டு வரி ரசீதுகளையும் கையில் வாங்குவேன். சில கட்டடங்களில் பிளானில் தரைத்தளமும் முதல் மாடியும் சேர்த்து நாலு வீடுதான் இருக்கும். நேரில் மூன்று மாடி, மேலே ஷீட் போட்ட இரண்டு அறை. வரி போட்டிருப்பதும் நாலு வீட்டுக்கே. வங்கி மதிப்பில் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் பிளானில் இருக்கும் பரப்பைத்தான். விற்பவரோ பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து விலை சொல்லுவார்.

அடுத்து, ஆள் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று குடியிருப்பவர் வாயாலேயே கேளுங்கள். நம்ம ஊரில் ஒத்திப் பழக்கம் இன்னும் இருக்கிறது. சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் விட்டிருப்பார்கள். பதிவு செய்யாமல் முத்திரைத்தாளில் எழுதியிருந்தால் வில்லங்கச் சான்றில் அது தெரியாது. பன்னிரண்டில் இரண்டு வீடு ஒத்தி என்றால் அந்த இரண்டிலும் வருமானம் பூஜ்யம், மேற்கொண்டு ஒத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் சுமை வேறு. அட்வான்ஸும் அப்படித்தான். வீட்டுக்கு ஐம்பதாயிரம் என்றால் ஆறு லட்சம் கடன் உங்கள் தலையில் வருகிறது, அதை விலையில் கழித்தே பேசுங்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

தண்ணீரைக் காலையில் போய்ப் பாருங்கள். எல்லா வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் திறக்கிற வேளை அதுதான். கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் உப்பா என்று ஒரு வாய் குடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். உப்புக் காற்று பட்ட இடங்களில் பால்கனி அடிப்பாகத்தில் காங்கிரீட் உதிர்ந்து துருக்கம்பி எட்டிப்பார்க்கிறதா என்றும் கவனியுங்கள். செப்டிக் டேங்க் நாலு வீட்டு அளவுக்குக் கட்டியதாக இருந்தால் மழைக்காலத்தில் குடியிருப்பவர்கள் காலி செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.

இடத்தின் சங்கதி தனி. நாஞ்சில் நாட்டில் வயலை நிரப்பிப் போட்ட மனைகள் ஏராளம். அங்கீகாரமில்லாத மனை என்றால் 20.10.2016-க்கு முன் பதிவானதா, வரன்முறை செய்ததா என்று பாருங்கள். மலையோரக் கிராமங்கள் சிலவற்றில் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவை, கடற்கரையை ஒட்டினால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் வரும். மேற்குத் தாலுகாக்களில் மூலப் பத்திரம் திருவிதாங்கூர் காலத்து மலையாளத்தில் இருக்கும், மொழிபெயர்ப்புக்கும் வக்கீல் பார்வைக்கும் நாள் ஒதுக்குங்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். ரப்பர் தோட்டத்தை வாங்கி அப்புறம் கட்டடம் எழுப்பலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் யோசனை: நாலு வீட்டுக் கட்டடத்தில் கையை வையுங்கள். ஒரே பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிப் பக்கம் என்றால் அந்தத் தெருக்களின் வாடகை மனப்பாடமாக வேண்டும். பாகப்பிரிவினை முடிந்த குடும்ப இடம் இருந்தால் அதில் கட்டுவது பல நேரம் நல்லது. பத்துப் பேரிடம் பணம் திரட்டி, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துக் கட்டடம் வாங்க மட்டும் கிளம்ப வேண்டாம். அது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் கூட்டு முதலீட்டு விதிகளிலும் ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019 சட்டத்திலும் போய் முட்டும். கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து வாங்கினால் எல்லார் பெயரும், பங்கும் பத்திரத்தில் வரட்டும்.

இன்னொன்று. விற்பவர் துபாயிலோ குவைத்திலோ இருந்தால் வரிப் பிடித்தம் உங்கள் பொறுப்பு. உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமும் அதற்கு மேலும் கொடுத்து வாங்கும்போது 1 சதவீதம் பிடிக்கிறோமே, அது இங்கே செல்லாது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு விகிதம் மிக அதிகம், பிடிக்காமல் விட்டால் வருமான வரித் துறை உங்களைத்தான் தேடி வரும். குறைத்துப் பிடிக்கச் சான்றிதழ் வாங்கித்தர விற்பவரால் முடியும். அது கைக்கு வரும்வரை பத்திரப்பதிவுக்கு நாள் குறிக்க வேண்டாம்.