தைரொய்ட் கட்டி: ஸ்கான் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

திருகோணமலைக் கடலில் எக்கோ கருவி பூட்டிய வள்ளத்தில் போனால், அடியில் பாறையா மணலா, நடுவில் மீன் கூட்டம் நிற்கிறதா என்று திரையில் பார்க்கலாம். என்ன மீன் என்பது மட்டும் பார்ப்பவரின் ஊகம். வலை ஏறினால்தான் உறுதி. கழுத்தில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் அனுப்பிய ஒலி திரும்பி வருவதை வைத்தே படம் போடுகிறது. உடலுக்குள் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1540 மீற்றர் என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது.

தைரொய்ட் சுரப்பி தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருப்பதால், ஆழம் குறைந்தாலும் நுணுக்கம் கூடிய உயர் அதிர்வெண் ஒலியையே பயன்படுத்தலாம். இரண்டு மூன்று மில்லிமீற்றர் கட்டிகூடத் தெரிந்துவிடும். ஆகவே, கட்டி இருக்கிறதா, உள்ளே நீரா சதையா என்ற கேள்விகளுக்கு ஸ்கானை நன்றாகவே நம்பலாம்.

அது புற்றுநோயா என்ற கேள்விக்கு வரும்போதுதான் சிக்கல். சாதாரண தைரொய்டில் கூழ் நிறைந்த சின்னச் சின்னப் பைகள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொரு பையின் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் படம் வெளிச்சமாக இருக்கும். புற்றுநோயில் செல்கள் நெருக்கமாக அடைந்து கிடக்கும்; திருப்பி அனுப்பச் சுவர்கள் குறைவு, எனவே கருமையாகத் தெரியும். ஆனால் சாதாரணக் கட்டிகள் பலவும் கருமைதான். வெள்ளைப் புள்ளிகளும் அப்படித்தான். வால் நீண்ட புள்ளி என்றால் பெரும்பாலும் உறைந்த கூழ், பயமில்லை. வாலில்லாத பொடிப் புள்ளி சுண்ணாம்புத் துகளாக இருக்கலாம், அதுதான் சந்தேகத்துக்குரியது. மில்லிமீற்றர்கூட இல்லாத அந்த வாலைக் கண்டுபிடிப்பது கருவியின் தரத்தையும் பார்ப்பவரின் பழக்கத்தையும் பொறுத்தது. கட்டியின் ஓரம் ஒழுங்கா இல்லையா என்பதிலும் இரண்டு டொக்டர்மார் வேறு வேறாக எழுதுவதுண்டு.

இந்த வேறுபாட்டைக் குறைக்கத்தான் 2017இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் கட்டியின் தோற்றத்துக்குப் புள்ளி போட்டு வகை பிரிக்கும் டைராட்ஸ் முறையை வெளியிட்டார்கள். அதில் 4 என்று ரிப்போட்டில் கண்டதும் வீடே கலங்கிப் போகிறது. அந்த வகையில் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 5 முதல் 20 வீதம்தான். கட்டி 1.5 சென்ரிமீற்றரைத் தொட்ட பிறகே ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்க்கச் சொல்கிறது அந்த முறை.

ஊசியும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஃபொலிக்குலர் என்ற ஒரு வகைக் கட்டி புற்றுநோயா என்பதை, செல்கள் கட்டியைச் சுற்றியுள்ள உறையைத் துளைத்திருக்கின்றனவா என்று வெட்டி எடுத்துப் பார்த்த பிறகே சொல்லமுடியும்.

தேடிப் பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. தென்கொரியாவில் ஸ்கான் பரவலானதும், 2011இல் கண்டறியப்பட்ட தைரொய்ட் புற்றுநோய் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கானது. அதனால் இறந்தோர் வீதம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தேவையில்லாத சத்திரசிகிச்சையால் குரல் கெட்டவர்களையும் வாழ்நாள் முழுதும் குளிசை போடுபவர்களையும் நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சரி, போன வருடம் 11 மில்லிமீற்றர், இப்போது 12 என்றால் கட்டி வளர்ந்துவிட்டதா? அளப்பதிலேயே அவ்வளவு பிசகு வரும். நீளம், அகலம், தடிப்பு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு 20 வீதமும், 2 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் கூடினால்தான் வளர்ச்சியாகக் கணக்கு. அதனால் அடுத்த ஸ்கானுக்குப் போகும்போது பழைய படங்களையும் ரிப்போட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.