வலி விட்டு விட்டு வருகிறதா?

ஒன்பதாம் மாதத்தில் வயிறு இறுகி வலித்தால், நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு “சூட்டு வலியா இருக்கும்” என்பதுதான். சீரகத்தைக் கொதிக்க வைத்துக் கொடுப்பார்கள், கொஞ்சம் நடந்து பார் என்பார்கள். அதில் தவறில்லை. தண்ணீர் குடித்ததும், ஒருக்களித்துப் படுத்ததும் அடங்கிவிடும் இறுக்கங்கள் நிஜமாகவே உண்டு. 1872-ல் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் அவற்றை விவரித்து எழுதினார். டாக்டர்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். ஆனால் எந்த வலிக்கும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டு வீட்டிலேயே காத்திருப்பதில் ஆபத்து இருக்கிறது. எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது என்று பிரித்தறிய, வலி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது எப்படி விடுகிறது என்பதே நல்ல துப்பு.

கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. பிரசவம் நெருங்கும்போது அந்தத் தசை செல்களுக்கு நடுவே மின் சமிக்ஞை கடந்துபோகும் நுண்ணிய இணைப்புகள் பெருகுகின்றன. அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கிக்கொண்டிருந்த செல்கள் இப்போது ஒன்றாகச் சேர்ந்து சுருங்குகின்றன. புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் கர்ப்பப்பை வாயை இளக்குகிறது. குழந்தையின் தலை அந்த வாயில் அழுத்த, தாயின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் சுரக்கிறது. அது சுருக்கத்தைக் கூட்டுகிறது, தலை இன்னும் அழுத்துகிறது. அதனால்தான் நிஜமான பிரசவ வலி நேரம் போகப் போக நெருங்கி வரும், நீளும், வலுக்கும். முதலில் சொன்ன, தானாக அடங்கிவிடும் பொய் வலி அப்படி வளராது.

சரி, இடைவெளி எதற்கு? தாயின் ரத்தத்தை நஞ்சுக்கொடிக்குக் கொண்டுபோகும் குழாய்கள் இதே தசைக்குள் புகுந்துதான் செல்கின்றன. நிறைமாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 முதல் 700 மில்லி ரத்தம் கர்ப்பப்பைக்குப் பாய்கிறது. தசை இறுகும்போது குழாய்களும் நசுங்குவதால், அந்த நேரத்துக்குக் குழந்தைக்கு வரும் ஆக்ஸிஜன் குறைகிறது. முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கி மூழ்கி, மேலே வந்து மூச்செடுத்து, மறுபடி மூழ்குவது போன்றதுதான் குழந்தையின் நிலை. ஆரோக்கியமான குழந்தை இதை மணிக்கணக்கில் தாங்கும், மேலே வந்து மூச்செடுக்க நேரம் கிடைத்தால். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அது அளவுக்கு மீறியது என்று மருத்துவமனைகளில் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். வலி வரவைக்கும் மருந்தை டிரிப்ஸில் ஏற்றும்போது, பக்கத்தில் ஒருவர் இருந்து குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதும் இதனால்தான். தெருமுனை கிளினிக்கில் “சீக்கிரம் ஆகட்டும்” என்று வலி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவதை யாரும் ஒப்புக்கொள்ளவே கூடாது.

வீட்டில் இதைக் கவனிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தொப்புளுக்கு மேலே, வயிற்றின் உச்சியில் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். வலி வரும்போது அந்த இடம் இறுகும், விரலால் அழுத்தினாலும் அமுங்காது. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துக் கைக்கடியிலேயே தளர்வது தெரியும். தளர்ந்த பின் விரல் நன்றாக அமுங்க வேண்டும். ஒரு வலி தொடங்கும் நேரத்தையும் அடுத்தது தொடங்கும் நேரத்தையும் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்தால்கூடப் போதும்.

ஆரம்பக் கட்டம் நீளமானது. கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகே தீவிரக் கட்டம் தொடங்குவதாக 2018-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. அதுவரைக்கும் இத்தனை மணி நேரம்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. தலைப்பிரசவத்தில் ஒரு நாள் கூட ஆகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் வந்தால் கிளம்பலாம் என்பது தலைப்பிரசவத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. இரண்டாவது பிரசவம் வேகமாக நடக்கும், அதனால் இன்னும் முன்பே கிளம்ப வேண்டும். 37 வாரம் முடியாதவர்கள், ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், குழந்தையின் தலை மேலே இருப்பவர்கள், பிரஷர் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வலி தொடங்கியதுமே அவர்கள் போய்விட வேண்டும்.

இனி பயப்பட வேண்டியவை. வலி வந்து, விடாமல் அப்படியே நிற்கிறது. வயிறு தளரவே இல்லை, தொட்டாலே வலிக்கிறது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து நேரத்துக்கு முன்பே பிரியும்போது இப்படி ஆகும். அப்போது கசியும் ரத்தம் தசையை எரிச்சலூட்டி, தளரவிடாமல் பிடித்துவைக்கிறது. இதில் கொடுமை என்னவென்றால், ரத்தம் உள்ளேயே தேங்கிவிட்டால் வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் போகலாம். “ரத்தம் எதுவும் படலையே” என்று தேறுதல் அடைய இடமே இல்லை. சிசேரியன் தையல் இருக்கும் இடத்தில் வலிகளுக்கு நடுவிலும் விடாத வலி இருந்தால், அதற்கும் இதே அவசரம்தான்.

சளி மாதிரி, லேசாக ரத்தம் கலந்து கொஞ்சம் வருவது சாதாரணம். கர்ப்பப்பை வாயை அடைத்திருந்த சளி வெளியேறுகிறது, அவ்வளவுதான். பளிச்சென்ற சிவப்பில், மாதவிடாய் மாதிரி வழிந்தால் வலி இல்லாவிட்டாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வாயை மறைத்திருந்தால் வலியே இல்லாமல் ரத்தம் கொட்டும்.

பனிக்குடம் உடைந்தால் மணியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை பேடு ஒன்றை வைத்து, நல்ல வெளிச்சத்தில் நிறத்தைப் பாருங்கள். தண்ணீர் நிறமோ வெளிர் மஞ்சளோ லேசான இளஞ்சிவப்போ இருக்கலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மோஷன் போயிருக்கிறது. அது மூச்சுக்குழாயில் இறங்கினால் பிறந்ததும் மூச்சுத்திணறல் வரலாம். நாற்றம் அடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். நிறம் சரியாக இருந்தாலும், வலியே தொடங்காவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சிறுநீரா பனிநீரா என்று குழப்பமாக இருந்தால், அடக்க முயன்று பாருங்கள். பனிநீர் அடக்கினால் நிற்காது.

தண்ணீர் உடைந்த கையோடு கொடி மாதிரி ஏதாவது வெளியே தட்டுப்பட்டால் அது தொப்புள்கொடி. குழந்தையின் தலை அதை நசுக்கிவிடாமல் இருக்க, தாய் உடனே முழங்கால் போட்டுக் குனிந்து, தலையும் மார்பும் தரையில் படும்படி, இடுப்பை மேலே தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கொடியை உள்ளே தள்ளாதீர்கள், கையால் பிடிக்காதீர்கள். உடனே 108-ஐ அழைத்து இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

“பிரசவம் நெருங்கினா குழந்தை அசையாது” என்று பெரியவர்கள் சொல்வதை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பதறியிருக்கிறேன். இடம் குறைவதால் அசைவின் விதம் மாறலாம், ஆனால் அசைவு குறையக் கூடாது. வலி ஆரம்பித்த பிறகும் வலிகளுக்கு நடுவே அசைவு தெரிய வேண்டும். அசைவு குறைந்துவிட்டது என்று தாய்க்குத் தோன்றினாலே கிளம்பலாம். ஜூஸ் குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று நேரம் கடத்த வேண்டாம். ஆன்லைனில் வாங்கிய டாப்ளரில் (குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைக்கும் சிறு கருவி) துடிப்பு கேட்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள், அது தாயின் சொந்த நாடித்துடிப்பாகவே இருக்கலாம். போகும் வழியில் இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் எடை தாயின் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும்.

வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லாதது போல வரும் ஆபத்து ஒன்று உண்டு: ரத்த அழுத்தம். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, வலது விலா எலும்புக்குக் கீழே வலி. இந்தக் கடைசி அறிகுறியைக் கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுக்கிறார்கள். வீங்கும் ஈரல் தன் உறையை இழுப்பதால் வரும் வலி அது. 140/90-க்கு மேல் இருந்தாலே கவனிக்க வேண்டும், 160/110 என்றால் அவசரம். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது. 2002-ல் வெளிவந்த மேக்பை ஆய்வு அது வலிப்பு அபாயத்தைப் பாதியாகக் குறைப்பதைக் காட்டியது. ஆனால் அந்த ஊசி மருத்துவமனையில்தான் கிடைக்கும். வலிப்பு வந்துவிட்டால் கையில் இரும்புச் சாவி கொடுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

சென்னையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட முடியாது. வேளச்சேரியிலிருந்து எழும்பூர் போக விடியற்காலையில் ஆகும் நேரம் வேறு, மாலை ஆறு மணிக்கு ஆகும் நேரம் வேறு. வடகிழக்குப் பருவமழையில், பள்ளிக்கரணை, முடிச்சூர் மாதிரித் தண்ணீர் தேங்கும் பகுதிகளில் இருப்பவர்கள் பிரசவத் தேதியை ஒட்டி மேடான இடத்தில் உள்ள உறவினர் வீட்டுக்கு மாறிவிடுவது நல்லது. ஐந்து நிமிடக் கணக்கையும் அதற்கேற்ப முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள். எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் ராயபுரத்திலும் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனைகளில் இரவிலும் டாக்டர்கள் இருப்பார்கள். “இன்னும் நேரமாகும்” என்று திருப்பி அனுப்பினால் அதில் கேவலம் ஒன்றுமில்லை. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்த பெண்ணைப் பாராட்டும் பழக்கத்தை நாம் விட்டுவிடலாம், அதனால் தாயும் சேயும் பட்ட பாடு போதும்.

போனிலோ வாசலிலோ சொல்ல வேண்டியவை இவைதான்: எத்தனை வாரம், எத்தனையாவது பிரசவம், சிசேரியன் ஆகியிருக்கிறதா, வலி எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, நடுவில் வயிறு தளர்கிறதா, தண்ணீர் உடைந்ததா, என்ன நிறம், கடைசியாகக் குழந்தை அசைந்தது எப்போது. பரிசோதனைக் குறிப்புகளும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் உள்ள பையை வாசலருகே மாட்டி வைத்திருந்தால், யார் உடன் கிளம்பினாலும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.