கலைப்படைப்பாகும் முன் அந்தப் புத்தகத்தை ஒரு முறை திறந்து பாருங்கள்

கலைப்படைப்பு ஒன்று செய்யப் பழைய புத்தகங்கள் கிடைக்குமா என்று கேட்டு நூலகத்திற்கு வருபவர்களை நான் எப்போதும் மகிழ்ச்சியோடுதான் வரவேற்று வந்திருக்கிறேன். புத்தகத்தை அடுக்கி மரமாக வளர்ப்பவர்களும், பக்கங்களைக் கத்தியால் செதுக்கி உள்ளே குகையும் காடும் காட்டுபவர்களும் புத்தகத்தின் மீது பற்று இல்லாமல் அந்த வேலையில் இறங்குவதில்லை. ஆனால் ‘பழைய புத்தகம்’ என்ற சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருள் வேறு, நூலகர் கொள்ளும் பொருள் வேறு. அந்த வேறுபாடு புரியாமல் நடந்த ஒரு தவறில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

நூலகங்கள் புத்தகங்களைக் கழிப்பதைக் கேள்விப்பட்டவுடன் பலர் பதறுகிறார்கள், பதற வேண்டியதில்லை. காலாவதியான மருத்துவக் கையேடு அடுக்கில் இருப்பது இல்லாமல் இருப்பதைவிட ஆபத்தானது. தேவைக்கு மேல் வாங்கிய படிகளும், இனித் தைத்துக் கட்ட முடியாதபடி சிதைந்தவையும் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுவது முறையான நூலகப் பணியே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மரக்கூழால் காகிதம் செய்து, மை பரவாமல் இருக்கப் படிகாரமும் பிசினும் சேர்த்தார்கள். அதனால் உண்டான அமிலமும் மரத்திலேயே உள்ள லிக்னினும் சேர்ந்து அக்காலப் புத்தகங்களை உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கின்றன. பக்கத்தின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கமான சோதனை. பழுப்பேறிய காகிதத்தில் இரண்டாவது மடிப்பிலேயே அந்த மூலை உலர்ந்த சருகுபோல உடைந்து விரல்களுக்கிடையே நின்றுவிடும். அந்த நிலைக்கு வந்துவிட்ட நூலுக்கு வேறு நல்ல படிகள் இருக்குமானால், அது சிற்பமாவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கண்காட்சிக்காகக் கழிவு நூல்களை ஒதுக்கித் தந்தபோது, முதுகட்டையின் நிறம் பொருந்த வேண்டும் என்பதால் அருகிலிருந்த அடுக்கிலிருந்தும் சில நூல்களை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். பல ஆண்டுகளாக யாரும் இரவல் பெறாத, அட்டை மங்கிய மெல்லிய தொகுதிகள் அவை. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு நான் தலையசைத்துவிட்டேன். பிறகு பதிவேட்டைப் புரட்டும்போதுதான், அவற்றில் ஒன்று கலைந்துபோன தொழிலாளர் அமைப்பு ஒன்றின் ஆண்டறிக்கை என்பதும், நாங்கள் தேடிய எந்த நூலகப் பட்டியலிலும் இன்னொரு படி இல்லை என்பதும் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அதன் பக்கங்கள் பசையால் ஒரே கட்டையாக இறுகியிருந்தன. நடுவில் ஒரு பறவை செதுக்கப்பட்டிருந்தது; அதன் இறகின் ஓரத்தில் உறுப்பினர் பட்டியலின் பாதிப் பெயர்கள் தெரிந்தன. செதுக்கியவர் மிக நுட்பமாகச் செய்திருந்தார். பிழை அவருடையது அன்று, புத்தகத்தைத் திறந்து பார்க்காத என்னுடையது.

வாசகர்கள் எடுக்காத புத்தகம் வேண்டாத புத்தகம் என்று பொருளாகாது. நூலகர் தலையசைத்து நடந்த என் தவறுக்கு நேர்மாறாக, நூலகரின் இசைவே இல்லாமல் நடந்த நிகழ்வு ஒன்றும் உண்டு. லண்டனின் இஸ்லிங்டன் பகுதி நூலகங்களில் ஜோ ஆர்ட்டனும் கென்னத் ஹாலிவெல்லும் புத்தக அட்டைகளில் வேறு படங்களை ஒட்டி மாற்றி, மீண்டும் அடுக்கிலேயே வைத்து வந்தார்கள். 1962இல் இருவருக்கும் ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆர்ட்டன் பின்னாளில் புகழ்பெற்ற நாடக ஆசிரியரானார். அந்த அட்டைகளை இன்று அதே இஸ்லிங்டனின் உள்ளூர் வரலாற்று மையம் அரும்பொருளாகப் பாதுகாக்கிறது. அவை நல்ல கலை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அன்று அந்தப் புத்தகத்தைத் தேடி வந்த வாசகரைப் பற்றி யோசிக்காமல் என்னால் அந்தக் கதையைச் சொல்ல முடிவதில்லை.

புத்தகத்தைக் கெடுக்காமலேயே பெரிய படைப்புகள் பிறந்திருக்கின்றன. அர்ஜென்டினாவின் கலைஞர் மார்த்தா மினுஹின், 1983இல் இராணுவ ஆட்சி முடிந்த வேளையில், அது தடை செய்திருந்த நூல்களைக் கொண்டு புவனஸ் அயர்ஸில் பண்டைய கிரேக்கத்தின் பார்த்தினான் கோயிலின் வடிவத்தை எழுப்பினார். 2017இல் ஜெர்மனியின் காசல் நகரில், 1933இல் நாஜிகள் நூல்களை எரித்த அதே சதுக்கத்தில், உலகெங்கும் தடைக்குள்ளான நூல்களை மக்களிடம் நன்கொடையாகப் பெற்று அதை மீண்டும் கட்டினார். புத்தகங்கள் நெகிழித் தாளில் பொதிந்து கட்டப்பட்டிருந்ததால், இரண்டு முறையும் படைப்பு பிரிக்கப்பட்ட பின் மக்களின் கைக்கே சென்றன. பசையைத் தவிர்த்ததுதான் அந்தப் படைப்பின் பொருளையே முழுமையாக்கியது என்பது என் எண்ணம்.

இடம் தருபவர்கள் எடையை மறந்துவிடக் கூடாது. பிராக் நகர நூலகத்தின் நுழைவுக் கூடத்தில் கலைஞர் மாத்தேய் கிரேன் அமைத்த உருளைக் கோபுரத்தில் ஏறத்தாழ 8,000 புத்தகங்கள் இருக்கின்றன. நூலடுக்குகள் நிற்கும் தளங்கள் சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல் தாங்கும்படி கட்டப்படுவது வழக்கம் என்றாலும், எல்லாக் கூடங்களுக்கும் அந்த வலிமை இருப்பதில்லை. கண்காட்சி முடிந்து திரும்பும் புத்தகங்கள் பூச்சியையும் கொண்டு வரக்கூடும் என்பதால், அவற்றை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு வாரமாவது வைத்த பிறகே அடுக்கில் சேர்க்க வேண்டும்.

அந்தப் பறவைக்குப் பிறகு நாங்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். வெளியே போகும் ஒவ்வொரு நூலின் சேர்க்கை எண்ணையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, வேறு படி உண்டா என்று தேடி, பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்துக் குறிப்புகள் இருந்தால் தனியே எடுத்து வைத்து, உரிய ஒப்புதல் வந்த பிறகே நூலக முத்திரையின் மேல் ‘கழிக்கப்பட்டது’ என்று குத்துகிறோம். ஒரு முறை, கண்காட்சியில் எங்கள் முத்திரையைப் பார்த்த வாசகர் ஒருவர், நூலகப் புத்தகத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று கோபத்தோடு அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முத்திரைக்கு மேல் இருந்த சொல்லைக் காட்டியதும் அமைதியானவர், பதிவேட்டின் அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்றார், காட்டினேன்.